உப்பும் பாணியும் போட்ட கலியாண பியர்

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நான் உனக்கு ஒரு பொய் சொன்னேன். "பியர் எப்படி அம்மா?" என்று கேட்டாய். "நல்லாயிருக்கு மகன்" என்றேன். நல்லாயில்லை. உன் அப்பா கடலில் மூன்று நாள் கிடந்து, ஆறிப்போன தேத்தண்ணீரையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வருகிற மனிதர். அவரே பாதிக் கிளாஸோடு எழும்பிப் போய் மிச்சத்தை மாதுளை மரத்தடியில் ஊற்றினார். முதல் போத்தல் பயணத்தில் கெட்டிருக்கலாம் என்று உனக்காக நானே நியாயம் பேசிக்கொண்டு, அடுத்த நாள் இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். ஆனால் வீடியோவில் உன் தோளுக்குப் பக்கத்தில் நிஷாந்தவின் முகம் தெரிந்தது. இரண்டு பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, குசினியில் கறி அடிப்பிடிக்கிறது என்று இன்னொரு பொய்யையும் சொல்லிப் போனை வைத்தேன்.

இந்தக் கடிதத்தில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. நிஷாந்தவும் டிலினியும் அவர்களுடைய அம்மாவும் கேட்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இத்தாலிக்குக் கோப்பை கழுவப் போனவன் நீ. இன்று உனக்கென்று ஒரு சின்ன பியர் ஆலை வைத்திருக்கிறாய். மாதம்பையிலிருந்து போன நிஷாந்த உன்னைப் போலவே அடுத்த ஊரில் ஒன்று வைத்திருக்கிறான். இன்னும் இரண்டு மாதத்தில் அவன் தங்கை டிலினியை நீ கட்டப்போகிறாய். ஊருக்கு விமானம் ஏற முன் நொத்தாரிசிடம் போய் இரண்டு ஆலையையும் ஒன்றாக்கிக் கையெழுத்து வைக்கப்போகிறீர்களாம். அந்த ஒன்றான ஆலையின் முதல் பியர் இதுதானாம். கலியாணம் முடிந்து திரும்பிப்போய் அங்கே கூட்டாளிமாருக்கு வைக்கிற விருந்திலும் இதைத்தான் ஊற்றப்போகிறீர்களாம். இவ்வளவும் ஒரு போத்தலின் தலையில் ஏறியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கிழமை முழுக்க என் பொய்யையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேபிள் அழகு, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் உன் படகு, மறுபக்கம் அவனுடைய தென்னை, நடுவில் இரண்டு கை. உள்ளே நான் உன் பெட்டியில் கட்டிவிட்ட புத்தளத்து உப்பும், நிஷாந்தவின் அம்மா தேன் மாதிரிக் காய்ச்சி அனுப்பிய தென்னம்பாணியும். எண்ணம் மோசமில்லை. இரண்டு வீட்டுச் சாமானும் ஒரு போத்தலில் சேரட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் வாயில் வைத்ததும் பாணி வருகிறது, அதன் பின்னால் உப்பு வருகிறது, பியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வயிற்றோட்டக்காரருக்கு ஆஸ்பத்திரியில் கரைத்துக் கொடுக்கும் தண்ணீர்தான் எனக்கு நினைவு வந்தது. உன் அப்பா அதைவிட மோசமாகச் சொன்னார், எழுதமாட்டேன்.

மீன்காரன் பெண்சாதிக்குப் பியரைப் பற்றி என்ன தெரியும் என்று வேறு யாராவது கேட்டால் கேட்கட்டும், நீ கேட்கமாட்டாய். களப்புக் கரையில் இந்த நாலு அறையைக் கட்டி, சோளகக் காற்று தொடங்கியதும் பட்டம் பிடித்துத் தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரருக்கு நான் சோறு போடத் தொடங்கி எத்தனை வருடம். நான் குடிவகை விற்பதில்லை. அவர்கள் தங்கள் ஊர்ப் போத்தல்களைப் பெட்டியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். என் மகன் இத்தாலியில் பியர் காய்ச்சுகிறான் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு ஒரு கிளாஸ் நீட்டுவார்கள். நான் இரண்டு வாய் எடுப்பேன், மூன்றாவது வாய் எடுக்கமாட்டேன். கோயில் அம்மாமார் சங்கத்தில் இதைப் பற்றிக் கதை வந்தது. மகனுடைய தொழிலைத் தாய் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். ருசி பார்ப்பது என் தொழில் மகன். பியரானாலும் அடுப்பில் கொதிக்கிற ஆணமானாலும் நாக்கு ஒன்றுதான்.

இரண்டு ஆலைக்காரர் சேர்ந்து காய்ச்சிய பியர்கள் மட்டும் பின்பக்க அலுமாரியில் தனித்தட்டில் இருக்கின்றன, வெறும் போத்தல்களாக. நீ இந்தத் தொழிலில் இறங்கியதிலிருந்து சேர்க்கிறேன். பெரும்பாலானவை ஏமாற்றம். ஏன் என்று யோசித்திருக்கிறேன், எனக்குப் பதிலும் தெரியும் என்றே நினைக்கிறேன். ஒல்லாந்துக்காரப் பெடியன் ஒருவன் பெருமையோடு ஒன்று கொண்டுவந்தான். கசப்பில் பேரெடுத்த இரண்டு ஆலைகள் சேர்ந்து காய்ச்சியதாம். ஒருவன் ஹொப்ஸ் பூவை ஒரு கை போட்டால் மற்றவன் இரண்டு கை போட்டிருக்கிறான். பாவற்காயைப் பச்சையாய்ச் சப்பியது மாதிரி இருந்தது. அந்தப் பெடியன் கண்ணில் தண்ணீர் நிற்க, அருமை அருமை என்று சொல்லிச் சொல்லிக் குடித்தான். இன்னொன்றில் ஐந்து ஆலைகளின் பேர் இருந்தது. ஏதோ கொண்டாட்டத்துக்காகச் செய்ததாம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. ஒருவர் புளிப்பு வேண்டாம் என்றிருப்பார், இன்னொருவர் கறுப்பு வேண்டாம் என்றிருப்பார், எல்லாரும் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்துக் கடைசியில் நுரை விட்ட தண்ணீர்தான் மிஞ்சியிருக்கிறது. லேபிளைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தால் எந்த ஊர்ப் பியர் என்று அந்த ஐந்து பேருக்கே தெரியாது.

நல்லதும் குடித்திருக்கிறேன், இல்லையென்று சொன்னால் பாவம். ஒரு ஜெர்மன்காரி வந்து பத்து நாள் நின்றாள். அவளும் பியர் காய்ச்சுகிறவள், கை முழுக்க உன் கை மாதிரியே சூட்டுத் தழும்பு. அவள் தந்த போத்தலில் மூன்றாவது வாயும் எடுத்தேன். கோதுமை பியர், கடைசியில் மெல்லிய புளிப்பு, எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசம். இதில் உன்னுடையது எது என்று கேட்டேன். ஈஸ்ட் மட்டும்தான் என்றாள். அவள் மூன்று சாமான் கொண்டுபோனாளாம். மற்ற ஆலைக்காரன் முகர்ந்து பார்த்துவிட்டு, ஈஸ்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அவளுடைய வான் வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டானாம். அவள் அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லையாம், அடுத்த நாள் போய் ருசி பார்த்தாளாம், அவன் சொன்னதுதான் சரி என்று சிரித்தாள். அவர்கள் இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்து காய்ச்சுகிறார்களாம்.

இவ்வளவு தூரம் போவானேன், உன்னுடையதையே எடு. நீ தொழில் பழகிய ஆலைப் பெரியவரோடு சேர்ந்து செய்த அந்தச் செஸ்ட்நட் பியர். அந்த நாட்களில் நீ எனக்குப் போன் எடுத்து அழுதாய். மனுசன் எல்லாருக்கும் முன்னால் திட்டுகிறான் அம்மா, நான் வறுத்த கொட்டையைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டான் என்றாய். நான் அவரைச் சபித்தேன், உன்னை உடனே வேலையை விட்டுவிடச் சொன்னேன். பிறகு நீ அவருடைய கொதிகலன் பழசு என்று முகத்துக்கு நேரே சொல்லி, காய்ச்சும் நேரத்தைக் குறைக்க வைத்தாய். அந்தப் பியர் இங்கே வந்தபோது உன் அப்பா மற்ற யாருக்கும் கொடுக்காமல் கட்டிலுக்கடியில் வைத்துக் குடித்தார். அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. நீயும் அவரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினீர்கள். சேர்ந்து காய்ச்சுகிற பியர் நல்லா வருமா வராதா என்பது அங்கேதான் இருக்கிறது.

நிஷாந்தவோடு உனக்கு அது முடியவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், புதன்கிழமை டிலினி வந்தாள். கலியாணச் சாறிக்கு உள்பாவாடைத் துணி எடுக்கப் புத்தளத்துக்கு வந்தவள், பஸ் ஏறி கற்பிட்டிக்கே வந்துவிட்டாள். சோறு போட்டேன். பிறகு ஏதோ நினைத்து, மூன்றாவது போத்தலைத் திறந்து ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன். நானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஒரு வாய் எடுத்தாள். கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, கோவிக்க வேணாம்," என்றாள். "இது குடிக்க ஏலாது. எனக்கு முதலே தெரியும். எங்க அண்ணா எனக்கிட்ட சொன்னது உப்பு கூட என்டு. ஆனா உங்க மகனுக்குச் சொல்லமாட்டாராம். மாமி அனுப்பின உப்பாம்."

அப்போதுதான் எனக்கு மற்றது ஞாபகம் வந்தது. போன மாதம் நீ என்னிடம் என்ன சொன்னாய்? பாணி கொஞ்சம் கூடிவிட்டது போல இருக்கிறது அம்மா, ஆனால் அவங்க அம்மா அனுப்பினது, மச்சானிடம் எப்படிச் சொல்வது என்றாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம், நானும் டிலினியும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீ முதலில் உப்பை அளவாகத்தான் எடுத்திருக்கிறாய். மாமி அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியது, இன்னும் கொஞ்சம் போடு மச்சான் என்று வற்புறுத்தியவன் நிஷாந்த. அவன் பாணியில் பாதிதான் ஊற்றப்போனான். அம்மா ஆசையாய் அனுப்பியது, முழுக்க ஊற்று என்று சொன்னவன் நீ. வீட்டுக்கு வந்தவன் போதும் போதும் என்று கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் இன்னொரு கரண்டி சோறு வைக்கிற சனம் நாங்கள். அதே வேலையை நீங்கள் ஆயிரம் லீற்றர் தொட்டிக்குச் செய்திருக்கிறீர்கள். பிறகு தனித்தனியே ருசி பார்த்து, கூடிவிட்டது என்று தெரிந்தும், நீ என்னிடமும் அவன் தங்கையிடமும் சொல்லிவிட்டு, ஒருவருக்கொருவர் முதுகில் தட்டிக்கொண்டு போத்தலில் அடைத்திருக்கிறீர்கள். அன்பு கூடிப்போய்க் கெட்ட பியர் இது. எனக்குக் கோபமும் வந்தது, உங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

உன் அப்பாவிடம் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "கரைவலைக்கு ரெண்டு கயிறு," என்றார். "ரெண்டு பக்கத்துச் சனமும் ஒருத்தன்ட சத்தத்துக்குத்தான் இழுக்கும். நீ முன்னுக்குப் போ, இல்ல நீ போ என்டு நின்டா மடியில ஒரு சாளையும் மிஞ்சாது." அவ்வளவுதான் சொன்னார். சம்மாட்டிமார் இரண்டு பேர் ஒரு வலையைப் பங்குக்கு வைத்திருந்த காலத்திலும், கரையில் நின்று சத்தம் கொடுத்தவன் ஒருவன்தான். ஒரு பருவம் இவன், அடுத்த பருவம் அவன். நீ அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து உள்ளங்கை உரிந்தவன், உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். உனக்கு இதைச் சொல்லாமல் உன்னைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. செசிலியா மாமி ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம், அவவுக்கு முழங்கால் வருத்தம் என்று சொல்லி வந்தேன். அவவின் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நீ இத்தாலிக்குப் போன அடுத்த வருடம் மாதா கோயில் திருநாளுக்கு நானும் அவவும் சேர்ந்து நேர்ச்சைச் சமையல் பொறுப்பெடுத்தோம். உன் அப்பாவின் தங்கையான அவவும் நானும் ஒரே அடுப்படியில் கிடாரம் வைப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் ஒரு வருடம் அவ, ஒரு வருடம் நான். நேர்ச்சைச் சாப்பாட்டைப் பங்குச் சுவாமி ஆசீர்வதிக்க முன் யாரும் வாயில் வைப்பதில்லை, அது உனக்குத் தெரியும். தனியாகச் சமைத்த வருடங்களில் அது எங்களுக்கு ஒரு கஷ்டமாக இருந்ததில்லை. நான் போட்ட உப்பு எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும், அவவின் கைக்கு அவவுடையது தெரியும்.

அந்த வருடம் பருப்புக் கிடாரத்துக்கு உப்பு அவவின் பொறுப்பு, மீன் ஆணக் கிடாரத்துக்கு என் பொறுப்பு. தேங்காய்ப்பால் பிழிந்து முடிந்ததா என்று பார்க்க அவ அந்தப் பக்கம் போனா. நான் கிடாரத்தைப் பார்த்தேன். அவவின் உப்புப் பானையின் மூடி திறக்காமல் மூடியபடியே இருந்தது. மறந்துவிட்டா என்று நினைத்தேன். ருசி பார்க்க முடியாது, கூப்பிட்டுக் கேட்டால் பத்துப் பெண்களுக்கு முன்னால் அவவுக்கு வெட்கம். இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல மீன் ஆணத்துப் பக்கம் போய்விட்டேன். சுவாமி வந்தார், செபம் சொன்னார், பந்தி தொடங்கியது. முதல் பந்தியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், நேர்ச்சைச் சோறு. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். தண்ணீர்ப் பீப்பாய் மட்டும் காலியாகிக்கொண்டே போனது. முன்னேஸ்வரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மனிதர் மூன்றாம் தடவையும் கோப்பையை நீட்டியபோதுதான், அவவும் உப்புப் போட்டிருக்கிறா என்று எனக்கு விளங்கியது.

அப்போது நான் செய்ததைத்தான் உனக்கு இத்தனை வருடமும் மறைத்தேன். எல்லாரும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே, "மச்சாள்ட கை இன்டைக்குக் கொஞ்சம் தாராளம்" என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. இறுகிப்போயிருந்த சனத்துக்குச் சிரிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷம். செசிலியாவும் சிரித்தா. கை கழுவிவிட்டு, சாறித் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மிச்சப் பந்திக்கும் நின்று பரிமாறிவிட்டுத்தான் போனா. அதற்குப் பிறகு அவ எந்த நேர்ச்சைக்கும் கரண்டி பிடிக்கவில்லை. கோயிலில் கண்டால் தலையாட்டுவா. இந்தக் கரையில் செசிலியாவின் கையால் ஆன பருப்பைச் சாப்பிட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுவார்கள், ஆனால் அவவைக் கண்டால் அந்தப் பகிடியையும் சேர்த்துப் பேசுவார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அன்றைக்கே முடிந்திருக்கும். என் பேரைக் காப்பாற்ற அவவின் பேரை விற்றேன் மகன். வேறு எப்படி எழுதினாலும் அது பொய்.

அந்தக் கிடாரத்தைப் பற்றி நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். ஒரு கை சமைத்தால் ருசி பார்க்காமலே சமைக்கலாம். இரண்டு கை என்றால், ருசி பார்க்க வேண்டும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியே காய்ச்சிய பியர்கள் எனக்குப் பிடிக்கும். உன்னுடையது சுத்தம், அவனுடையது கனதி. திறமையில் குறை இருந்து இது கெடவில்லை. உன் தொழிலில் வாய்க்கும் நாக்குக்கும் வேலை ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, நாக்கு அறிந்ததை வாய் சொல்லாவிட்டால் நாக்கு இருந்து பிரயோசனமில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டியில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடு. அதற்காகக் கவலைப்படாதே, உப்பையும் பாணியையும் அனுப்பிய இரண்டு தாய்மாரில் ஒருத்தி நான், நான் கொட்டச் சொல்கிறேன். மற்றவவுக்கு டிலினி சொல்லுவாள், அவளுக்கு அந்தத் தைரியம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன். நீ நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். நொத்தாரிசிடம் போகும் நாளைத் தள்ளிவை. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆலைகள் ஒன்றாகட்டும், நன்றாகவும் வரும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அதற்கு முன் இன்னொரு தொட்டி சேர்ந்து காய்ச்சுங்கள். அதற்கு நிஷாந்த சத்தம் கொடுக்கட்டும். அவன் போதும் என்றால் போதும். அடுத்ததற்கு நீ கொடு. அவன் வைத்த ஒரு சாமானையாவது நீ எடுத்து வெளியே வைக்க வேண்டும், நீ வைத்த ஒன்றையாவது அவன் எடுத்து வெளியே வைக்க வேண்டும். ஒரு நாள் கோபித்துக்கொள்வீர்கள். அடுத்த நாள் வந்து ருசி பார்ப்பீர்கள். அதன்பிறகு கையெழுத்து வைக்கலாம். கலியாணத்துக்கு அது நல்ல பாடம் என்றும் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அதை உனக்கு டிலினியே படிப்பிப்பாள்.

இதையெல்லாம் எழுதத் துணிவு வந்தது நேற்றுத்தான். காலையில் ஒரு போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தியில் இறங்கி, சிலாபம் போகிற பஸ்ஸைப் பிடித்து முந்தலில் செசிலியா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவ முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. உன் கலியாணத்துக்குச் சொல்ல வந்தேன் என்றேன். பிறகு போத்தலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினேன். உன் மாமி ஒரு வாய் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. உப்புக் கூடிப்போச்சு என்று அவ சொல்லவில்லை, அவவுக்கு எப்படிச் சொல்ல வாய் வரும். நான்தான் சொன்னேன். உப்புக் கூட, என்றேன். பிறகு அதே மூச்சில், அன்றைக்குப் பருப்பிலும் நான்தான் இரண்டாம் தரம் போட்டேன் மச்சாள், நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துப் போட்டேன், உனக்கு வெட்கமாகப் போகக்கூடாது என்று போட்டேன், பிறகு உன்னையே வெட்கப்படுத்தினேன் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

செசிலியா கையிலிருந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டா. பிறகு சொன்னா: "நீ போட்டதக் கண்டனான். கண்டுதான் உன்ட மீன் ஆணத்துக்கு நான் ஒரு கை போட்டன். உன்ட உப்புப் பானையும் மூடித்தான் கிடந்தது. நீ மறந்திட்டாய் என்டு சனம் சொல்லப்படாது என்டு." மீன் ஆணம் மகன். அன்றைக்குப் பருப்பு மட்டும் உப்பு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தச் சனம் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறது. என்னை நான் காப்பாற்றிக்கொண்டபோது, ஆணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைக் காப்பாற்றியவ உன் மாமி. அவ என் உப்பைக் கண்டும் சொல்லவில்லை, தன் உப்பையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல்லையே," என்றா. பிறகு எழும்பிப் போய், அந்தப் போத்தலில் மிச்சமிருந்ததைத் தன் கையாலேயே வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து, கலியாணப் பருப்பு என்ட பொறுப்பு, நீ ருசி பார்த்துச் சொல்லவேணும் என்றா. சரி என்று கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. நிஷாந்தவிடம் போ. சிங்களத்தில் படித்த அவனுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது, நீயே அவனுக்கு முன்னால் உட்கார்ந்து வாசி. பாணியைப் பற்றி எழுதியதை வாசிக்கும்போது உன் குரலைத் தாழ்த்தாதே, உப்பைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டுத் தாண்டாதே. ஒரு போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திறக்காமல் அந்த அலுமாரித் தட்டில் மற்றவற்றோடு வைத்திருக்கிறேன். அடுத்த தொட்டியின் போத்தல் வந்தபிறகு அதற்குப் பக்கத்தில் வைப்பேன். அது எப்படி என்று அன்றைக்கு நீ கேள். நிஷாந்த பக்கத்தில் இருக்கும்போதே கேள். இந்த முறை உண்மையைச் சொல்லுவேன்.

உன் அம்மா
கற்பிட்டி